கூடப்பிறந்தவர்களும் வேலைத் தேர்வும்: கல்லூரி மாணவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கல்லூரியில் படிக்கும் ஒருவரிடம் "அடுத்து என்ன செய்யப் போகிறாய்?" என்று கேட்டால், பதிலில் அம்மா அப்பா வருவார்கள், மதிப்பெண் வரும், சம்பளம் வரும். அண்ணனோ அக்காவோ தங்கையோ வருவது குறைவு. ஆனால் கொஞ்சம் துருவிக் கேட்டால் எங்கோ ஓர் ஓரத்தில் அவர்களும் நிற்பார்கள். "அக்கா இதைத்தான் படிச்சா", "அண்ணன் மாதிரி மாட்டிக்கக் கூடாது", "தம்பி படிப்புக்குப் பணம் வேணும், அதனால சீக்கிரம் வேலைக்குப் போகணும்." யாரும் கணக்கில் எடுத்துக்கொள்ளாத இந்த வரிகள்தான் பல நேரம் முடிவையே தள்ளிக்கொண்டு போகின்றன.

2021இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அமெரிக்கா, சிலி, சுவீடன், குரோவேஷியா ஆகிய நான்கு நாடுகளின் கல்லூரிச் சேர்க்கைத் தரவுகளை ஆய்வாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். கட்-ஆஃப் மதிப்பெண்ணை நூலிழையில் தாண்டியவர்களின் தம்பி தங்கைகள் ஒரு பக்கம். நூலிழையில் தவறவிட்டவர்களின் தம்பி தங்கைகள் மறுபக்கம். மூத்தவர்களின் திறமையில் சொல்லத்தக்க வித்தியாசம் கிடையாது, இடம் கிடைத்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். அப்படிப் பார்த்தபோது, மூத்தவர் சேர்ந்த கல்லூரிக்கோ பாடப்பிரிவுக்கோ இளையவரும் விண்ணப்பித்துச் சேரும் வாய்ப்பு கூடியிருந்தது. செலவும் தூரமும் இதற்குச் சரியான விளக்கமாக இல்லை. வெளியே கிடைக்காத உள்விவரம் மூத்தவர் வழியாக வீட்டுக்குள் வருவதுதான் பெரும்பாலும் காரணம் என்ற முடிவுக்கு அவர்கள் வந்தார்கள்.

என் கருத்து இதுதான். கூடப்பிறந்தவரிடம் தகவலையும் தைரியத்தையும் தாராளமாக வாங்கிக்கொள்ளுங்கள். முடிவை மட்டும் வாங்காதீர்கள். இவற்றைப் பிரித்தெடுப்பது சுலபமில்லை, ஏனென்றால் மூன்றும் ஒரே பேச்சில், ஒரே மூச்சில் வந்து சேரும். அதைப் பிரிக்கும் வழியைத்தான் கீழே படிப்படியாக எழுதியிருக்கிறேன்.

முதல் படி: உறவு எப்படி இருக்கிறது என்று பாருங்கள்

வின்டால் ஃபர்மன், டுவேன் பர்மெஸ்டர் என்ற இரண்டு உளவியலாளர்கள் 1985இல் கூடப்பிறந்தவர்களின் உறவை நான்கு முகங்களாகப் பிரித்துப் பார்த்தார்கள்: நெருக்கம், சண்டை, போட்டி, யார் கை ஓங்கியிருக்கிறது என்பது. சண்டை அதிகம் இருப்பதால் நெருக்கம் குறைவு என்று ஆகிவிடாது. தினமும் முட்டிக்கொள்ளும் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் உயிராகவும் இருப்பார்கள். போட்டி என்று அவர்கள் அளந்ததும் கவனிக்கத் தக்கது: பெற்றோர் யார் பக்கம் சாய்கிறார்கள் என்பதைப் பற்றிய கேள்விகள்தான் அதில் இருந்தன.

வேலை முடிவைப் பொறுத்தவரை சண்டையைப் பற்றி நான் அதிகம் கவலைப்பட மாட்டேன். கவலைப்பட வேண்டியது கடைசி இரண்டும். கை ஓங்கிய அண்ணன் சொல்லும் யோசனை, அவருக்கே தெரியாமல் உத்தரவாகக் காதில் விழும். பெற்றோரின் பாராட்டு அக்கா பக்கமே போகிறது என்ற ஏக்கம் இருந்தால், நீங்கள் தேர்ந்தெடுக்கும் வேலை அந்தப் பாராட்டைப் பிடிக்கும் முயற்சியாகிவிடும்.

ஒரு தாளை எடுத்து ஒவ்வொருவர் பெயரையும் எழுதுங்கள். அதன் கீழே மூன்று விஷயங்கள்: இவரிடம் எதைத் தயங்காமல் கேட்பேன், எதை மறைப்பேன், இவர் என் யோசனையைக் கேட்டு முகம் சுளித்தால் எனக்குள் என்ன ஆகும். மூன்றாவதைக் கொஞ்சம் நேரம் எடுத்து எழுதுங்கள்.

இதோடு ஒரு பழைய நம்பிக்கையையும் ஒதுக்கிவிடலாம். மூத்தவர் பொறுப்பானவர், கடைக்குட்டி துணிச்சல்காரர் என்று சொல்வார்கள் அல்லவா? அமெரிக்கா, பிரிட்டன், ஜெர்மனி ஆகிய நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2015இல் வந்த ஓர் ஆய்வில், பொறுப்புணர்வு, பிறரோடு கலந்து பழகுவது போன்ற குணங்களில் பிறப்பு வரிசைக்கு நிலையான பங்கு எதுவும் தெரியவில்லை. "நான் கடைக்குட்டி, எனக்கு இதெல்லாம் ஒத்துவராது" என்று மனதில் ஒரு வரி ஓடினால் அதை அடித்துவிடுங்கள்.

இரண்டாம் படி: பின்னால் போகிறீர்களா, விலகி ஓடுகிறீர்களா?

இந்த வழிகாட்டியில் அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இது.

பின்னால் போவது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அக்கா வக்கீல், எனக்கும் சட்டம். உளவியலாளர் ஜேம்ஸ் மார்சியா 1966இல் இளைஞர்கள் தங்கள் அடையாளத்தைத் தேடிக்கொள்ளும் விதங்களை நான்காகப் பிரித்தார். அதில் ஒன்று, தேடாமலேயே உறுதியாகிவிடும் நிலை. வெளியிலிருந்து பார்த்தால் இவர்கள்தான் மிகத் தெளிவாக இருப்பார்கள், குழப்பமே இருக்காது. இப்படிப்பட்டவர்களைக் கண்டுபிடிக்க ஒரு வழி உண்டு. "இதைத் தவிர வேறு எதையெல்லாம் யோசித்துப் பார்த்துக் கைவிட்டாய்?" என்று கேளுங்கள். சொல்ல ஒன்றுமே இல்லை என்றால், அந்தத் தெளிவு இரவல் தெளிவு.

விலகி ஓடுவது இவ்வளவு வெளிப்படையாகத் தெரியாது. சொந்த முடிவு போலவே இருக்கும், அதனால் பெருமையும் இருக்கும். பிரான்சஸ் ஷாக்டர் என்ற உளவியலாளர் 1976இல் இதைப் பற்றி எழுதினார்: கூடப்பிறந்தவர்கள் "நான் அவனைப் போல் இல்லை" என்று தங்களை வேறுபடுத்திக்கொள்கிறார்கள், முதல் இரண்டு பிள்ளைகளிடையே இது கூடுதலாகத் தெரிகிறது என்று. ஒப்பீட்டிலிருந்தும் பொறாமையிலிருந்தும் தப்பிக்க இது நல்ல வழிதான். ஆனால் விலை உண்டு.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். "பெரியவன் கணக்குல புலி, சின்னவ பேச்சுல கெட்டி" என்று சொல்லிச் சொல்லியே இரண்டு பிள்ளைகளும் வளர்கிறார்கள். சின்னவளும் கணக்கில் நல்ல மதிப்பெண்தான் எடுக்கிறாள், ஆனால் அதை யாரும் கண்டுகொள்வதில்லை. கல்லூரியில் புள்ளியியல் பாடம் அவளுக்குப் பிடித்துப்போகிறது. பிடித்தும், விருப்பப் பாடம் தேர்ந்தெடுக்கும் நாளில் அதை விட்டுவிடுகிறாள். "அதெல்லாம் அண்ணன் ஏரியா." அவளை யாரும் தடுக்கவில்லை. இருந்தும் அந்தக் கதவை அவளே சாத்திக்கொண்டாள்.

உங்கள் பட்டியலில் உள்ள ஒவ்வொரு வேலைக்கும் இரண்டு கேள்வி போட்டுப் பாருங்கள். அண்ணனோ அக்காவோ நாளைக்கே இந்தத் துறையை விட்டுவிட்டால், எனக்கு இதில் ஆசை மிஞ்சுமா? அவர்கள் இந்தப் பக்கமே வந்திருக்காவிட்டால், நான் தள்ளிவைத்த வேலைகளில் எதைத் திரும்ப எடுப்பேன்? முதல் கேள்வி பின்னால் போவதைக் காட்டிக்கொடுக்கும், இரண்டாவது விலகி ஓடுவதை. பதில் உடனே வராது. சில நாள் மனதில் போட்டு வையுங்கள்.

ஒன்றை மறந்துவிடக் கூடாது. அக்கா போன வழியிலேயே போவது தவறு என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்ன கேள்விகளுக்குப் பிறகும் ஆசை மிஞ்சுகிறது என்றால், அது உங்கள் வழிதான். கூடவே துணைக்கு ஆளும் இருக்கிறது.

மூன்றாம் படி: "குழப்பமா இருக்கு" என்பதை உடைத்துப் பாருங்கள்

"ஒண்ணும் புரியல, குழப்பமா இருக்கு" என்று பொத்தாம்பொதுவாகச் சொன்னால் யாராலும் உதவ முடியாது. 1983இல் கேரன் டெய்லரும் நான்சி பெட்ஸும் மாணவர்களுக்குத் தங்கள் முடிவெடுக்கும் திறனில் எவ்வளவு நம்பிக்கை இருக்கிறது என்று அளக்க ஒரு கேள்வித்தாள் தயாரித்தார்கள். அதில் ஐந்து பகுதிகள் இருந்தன: தன்னைச் சரியாக எடைபோடுவது, வேலைகளைப் பற்றித் தகவல் திரட்டுவது, ஓர் இலக்கைத் தேர்ந்தெடுப்பது, அதற்குத் திட்டம் போடுவது, தடங்கல் வந்தால் சமாளிப்பது. ஒவ்வொன்றிலும் உங்கள் மேல் உங்களுக்கே எவ்வளவு நம்பிக்கை என்று பத்துக்கு மதிப்பெண் போடுங்கள். எது குறைவோ, அங்கேதான் உதவி வேண்டும்.

கூடப்பிறந்தவர் எல்லாவற்றிலும் சமமாக உதவ மாட்டார். தகவலிலும் தடங்கலைச் சமாளிப்பதிலும் அவர்கள் பெரிய பலம். தன்னை எடைபோடுவதில் பலமும் உண்டு, ஆபத்தும் உண்டு. யாரும் சொல்லாமல் நீங்கள் எதில் மணிக்கணக்காக மூழ்கிக் கிடந்தீர்கள் என்பது அவர்களுக்கு உங்களைவிட நன்றாக ஞாபகம் இருக்கும். அதே சமயம், அவர்கள் மனதில் நீங்கள் இன்னும் பன்னிரண்டு வயதுப் பிள்ளையாகவே இருக்கலாம். "நீ எதையும் முடிக்க மாட்டே" என்று சொன்னால், "எதை வச்சுச் சொல்றே?" என்று கேளுங்கள். உதாரணம் பள்ளிக்கூடக் காலத்தோடு நின்றுவிட்டால் அதற்கு இன்று எடை கிடையாது. இலக்கைத் தேர்ந்தெடுப்பதில் மட்டும் அவர்களுடைய பங்கு குறைவாக இருக்கட்டும்.

தைரியத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "என்னால் முடியும்" என்ற நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்று ஆல்பர்ட் பண்டுரா 1977இல் நான்கு ஊற்றுகளைச் சொன்னார். தானே ஒன்றைச் செய்து ஜெயித்த அனுபவம், தன்னைப் போன்ற ஒருவர் செய்வதைப் பார்ப்பது, பிறர் சொல்லும் ஊக்கச் சொல், உடலும் மனமும் இருக்கும் நிலை. முதலாவதுதான் எல்லாவற்றிலும் வலுவானது. இரண்டாவதில் கூடப்பிறந்தவருக்கு ஈடாக யாரும் இல்லை. ஒரே வீடு, ஒரே வசதி, ஒரே பள்ளிக்கூடம்கூட இருக்கலாம். அதனால்தான் ஊரறிந்த சாதனையாளரின் கதையைவிட "நம்ம அண்ணனே பாஸ் பண்ணிட்டான்" என்பது ஆழமாக இறங்குகிறது.

இதே காரணத்தால் அவர்களுடைய தோல்வியும் ஆழமாக இறங்கும். அண்ணன் ஒரு நுழைவுத் தேர்வில் தவறிவிட்டார் என்றால், தம்பி விண்ணப்பிக்காமலேயே விட்டுவிடுவது உண்டு. தோல்வியைப் பார்த்தவுடன் காரணத்தைக் கேட்டு வாங்குங்கள். தயாராக நேரம் போதவில்லையா, பிடிக்கவில்லையா, உடம்பு சரியில்லையா, அந்த ஆண்டு இடங்கள் குறைவா? அந்தக் காரணம் உங்களுக்கும் பொருந்தினால் மட்டும் அதைக் கணக்கில் எடுங்கள்.

நான்காம் படி: கேட்க வேண்டியதைக் கேளுங்கள்

"நான் எதை எடுக்கட்டும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தீர்ப்பு வரும், தகவல் வராது. ஒரு நாளைப் பற்றிக் கேளுங்கள். தணிக்கைத் துறையில் வேலை பார்க்கும் அக்காவிடம் ஒரு தம்பி கேட்பதாக வைத்துக்கொள்வோம்:

"அக்கா, போன செவ்வாய்க்கிழமை ஆபீஸ்ல காலையிலேர்ந்து என்ன பண்ணே?"

"செவ்வாயா? ஒரு கம்பெனியோட பில்லையெல்லாம் கணக்கோட ஒத்துப் பாத்துட்டு இருந்தேன். நடுவுல ஒரு பில்லைக் காணோம். மெயில் போட்டு, போன் பண்ணி, அவங்க தேடி அனுப்புறதுக்குள்ள மத்தியானம் ஆயிடுச்சு."

"கடுப்பா இருக்காதா?"

"காத்துட்டு இருக்கறது கடுப்புதான். ஆனா ஒரு இடத்துல தொகை இடிக்குதுன்னு கண்ணுல பட்டுச்சுன்னா, அது எங்கேர்ந்து வந்துச்சுன்னு கண்டுபிடிக்கிற வரைக்கும் எனக்குப் பசியே எடுக்காது. உனக்கு அப்படி இருக்குமாடா?"

இந்த நான்கு வரியில் எந்தக் கையேட்டிலும் இல்லாத விவரம் இருக்கிறது. அந்த வேலையில் பாதி நாள் பிறருடைய பதிலுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கும். தயங்காமல் போன் போட்டுக் கேட்க வேண்டும். இடிக்கும் தொகையைத் துரத்துவதில் ஒரு சுகம் இருக்கிறது. அக்கா கடைசியில் கேட்ட கேள்வியும் மிகச் சரியான கேள்வி. அந்தத் தம்பி யோசிக்க வேண்டியது அதைத்தான்: எனக்குப் பசி மறக்க வைப்பது எது?

இன்னும் சில கேள்விகள் நல்ல பலன் தரும். இந்த வேலையில் எந்தப் பகுதியை முடிந்தால் வேறு ஒருவரிடம் தள்ளிவிடுவாய்? சேரும்போது நம்பிய எது பிறகு பொய்யானது? உன் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களில் உன்னைவிடச் சந்தோஷமாக இருப்பவர் யார், அவருடைய குணம் எப்படி? யாராவது விட்டுப் போனார்களா, ஏன்?

எல்லோரும் கூடியிருக்கும்போது கேட்காதீர்கள். வீட்டில் மூத்தவர்களுக்கு ஒரு பிம்பம் இருக்கும், அதைக் கலைக்க அவர்கள் விரும்ப மாட்டார்கள். சம்பளம், வேலையில் பட்ட அவமானம், விட்டுவிடலாமா என்ற யோசனை எல்லாம் தனியாக நடக்கும்போதுதான் வெளியே வரும். "அப்பாகிட்ட சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுத்தால் அதைக் காப்பாற்றுங்கள். ஒரு தடவை மீறினால் அந்த வாசல் மறுபடி திறக்காது. அப்புறம், அவர்களுக்கு வேலையில் மோசமான வாரம் என்றால் வேறு ஒரு நாள் கேளுங்கள். களைப்பில் சொல்வதை வைத்து ஒரு துறையையே எடைபோடக் கூடாது.

ஐந்தாம் படி: வீட்டுக்கு வெளியே போங்கள்

அக்கா சொல்வது ஓர் ஆளின் அனுபவம், ஒரு நிறுவனத்தின் அனுபவம், சில ஆண்டுகளுக்கு முந்தைய அனுபவம். சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் சொன்னது இங்கே பொருந்தும்: நெருங்கியவர்களுக்குப் பெரும்பாலும் நமக்குத் தெரிந்ததே தெரிந்திருக்கும், புதிய தகவல் அதிகம் வருவது அவ்வளவாகப் பழக்கமில்லாதவர்கள் வழியாக. எனவே அக்காவிடமே கேளுங்கள், இரண்டு பேரை அறிமுகப்படுத்தச் சொல்லி. ஒருவர் அந்தத் துறையில் நிலைத்தவர், இன்னொருவர் அதை விட்டு வெளியேறியவர். விட்டுப் போனவரிடம் பேசுவதுதான் பெரிய லாபம்.

ஆறாம் படி: எழுதிவிட்டு, பிறகு கேளுங்கள்

இதமார் காதியும் இத்தாய் ஆஷரும் 2001இல் வேலைத் தேர்வுக்கு மூன்று கட்ட முறையை முன்வைத்தார்கள். முதலில் நிறைய வாய்ப்புகளைச் சலித்துச் சிலவாகக் குறைப்பது, அடுத்து அந்தச் சிலவற்றை ஆழமாகப் பார்ப்பது, கடைசியில் ஒன்றைத் தேர்வது. நல்ல முறை. இதில் கூடப்பிறந்தவரின் குரல் எந்த இடத்தில் வர வேண்டும் என்பதுதான் என் அக்கறை.

சலிக்கும் கட்டத்தில் அவர்களை அழைக்காதீர்கள். எனக்கு எது முக்கியம் (வருமானமா, நேரமா, ஊர் மாறாமல் இருப்பதா, மனிதர்களோடு பழகுவதா) என்பதை நீங்கள் தனியாக எழுதி, தேதி போட்டு வையுங்கள். இரண்டாம் கட்டத்தில் அவர்களிடம் தாராளமாகப் பேசுங்கள். பேசிவிட்டு வந்து பழைய தாளை எடுத்துப் பாருங்கள். எதையாவது மாற்றத் தோன்றினால் மாற்றலாம், ஆனால் பக்கத்திலேயே காரணத்தை எழுதுங்கள். "அங்கே இரவு வேலை உண்டு என்று தெரியாது" என்பது நல்ல காரணம். "அண்ணன் சிரித்தான்" என்பது காரணம் இல்லை.

ஏழாம் படி: சின்ன அளவில் செய்து பாருங்கள்

ஒரு விடுமுறைப் பயிற்சி, ஒரு சிறிய ப்ராஜெக்ட், ஒருவருடைய வேலையை ஒரு நாள் கூட இருந்து பார்ப்பது. பண்டுரா சொன்ன முதல் ஊற்று இங்கேதான் இருக்கிறது, இதை எந்த அண்ணனும் உங்களுக்காகச் செய்ய முடியாது.

எட்டாம் படி: பணத்தையும் நன்றியையும் தனித்தனியாக எழுதுங்கள்

பல மாணவர்களுக்குப் படிப்புச் செலவைக் கட்டுவது அண்ணனோ அக்காவோதான். சிலருக்காக மூத்தவர் தன் படிப்பையே நிறுத்தியிருப்பார். இன்னும் சிலர் தாங்கள்தான் அடுத்துத் தம்பி தங்கையைப் படிக்க வைக்க வேண்டும். இவர்களிடம் "உன் மனசுக்குப் பிடிச்சதைச் செய்" என்று சொல்லிவிட்டுப் போவது பொறுப்பில்லாத பேச்சு. கடமை நிஜமானது, அதற்கு மரியாதை கொடுத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

முதலில் பணத்தை எண்ணாக்குங்கள்: மாதம் எவ்வளவு தேவை, எப்போதிலிருந்து, எத்தனை காலத்துக்கு. மனதில் சுமையாக இருக்கும்போது அதற்கு எல்லையே தெரியாது. எண்ணாக எழுதியதும், எந்த வேலைகள் அதைத் தாங்கும், எவை தாங்காது என்று தெரியும். விருப்பமான வேலையை ஒரேயடியாகக் கைவிட வேண்டுமா, மூன்று ஆண்டு தள்ளிப்போட்டால் போதுமா என்பதும் தெரியும்.

அடுத்து, உங்களுக்காக விட்டுக்கொடுத்தவரிடமே கேளுங்கள்: "என்கிட்ட நீ என்ன எதிர்பார்க்கிறே?" நேராகக் கேட்கக் கூச்சமாக இருக்கும். கேட்காமல் விட்டால் நீங்களே ஒரு பெரிய தொகையைக் கற்பனை செய்துகொண்டு அதற்காக வாழ்க்கையை அடகு வைப்பீர்கள். அவர்கள் எதிர்பார்ப்பது நீங்கள் நினைத்ததைவிடக் குறைவாக இருக்கலாம், கூடுதலாகவும் இருக்கலாம். எதுவாக இருந்தாலும் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது மேல். நன்றியைக் காட்ட வேறு வழிகள் நிறைய இருக்கின்றன, பிடிக்காத வேலையில் முப்பது ஆண்டு இருப்பது அதில் சேராது.

ஒன்பதாம் படி: முடிவைச் சொல்வது

பெற்றோரிடம் சொல்லும் முன் கூடப்பிறந்தவரிடம் சொல்லுங்கள். அவர்கள் சொன்ன யோசனைக்கு மாறாக முடிவெடுத்திருந்தால், அவர்கள் சொன்னதில் எது உதவியது என்று பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். "அக்கா, நீ அந்தக் காத்திருக்கிற கதையைச் சொன்னதாலதான் எனக்கு அது ஒத்துவராதுன்னு புரிஞ்சுது" என்றால், அவள் பேச்சு வீணாகவில்லை என்று அவளுக்குத் தெரியும். பெற்றோரிடம் பேசும்போது பக்கத்தில் உட்காரச் சொல்லலாம். பேச வேண்டியது நீங்கள். அவர்களைத் தூது அனுப்பினால், நாளை எது தவறினாலும் பழி அவர்கள் தலையில் விழும்.

நீங்கள்தான் மூத்தவர் என்றால்

உங்கள் ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்கலாம். தம்பியோ தங்கையோ ஒரு யோசனையோடு வந்தால், முதல் பத்து நிமிடம் கருத்தே சொல்லாமல் கேளுங்கள். உங்கள் வேலையின் நல்ல பக்கத்தை மட்டும் காட்டாதீர்கள், வெறுப்பில் கெட்ட பக்கத்தை மட்டும் கொட்டவும் வேண்டாம். நீங்கள் தடுமாறிய இடத்தையும் எப்படி எழுந்தீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள், "முடியும்" என்று சொல்வதைவிட அது பலம் தரும். உங்கள் ஊக்கம் முடிந்தவரை செயலாக இருக்கட்டும்: பயோடேட்டாவைத் திருத்திக் கொடுப்பது, நேர்காணலுக்குக் கேள்வி கேட்டுப் பழக்குவது, ஒருவரிடம் அறிமுகம் செய்துவைப்பது.

பேச்சுவார்த்தை இல்லாதவர்களும், கூடப்பிறந்தவரே இல்லாதவர்களும்

உறவு முறிந்திருந்தால், வேலை முடிவுக்காக அதை அவசரமாகச் சரிசெய்ய முயல வேண்டாம். இரண்டையும் ஒரே நேரத்தில் தூக்கினால் இரண்டும் கெடும். ஆனால் இரண்டாம் படியின் கேள்விகளை அவசியம் போட்டுப் பாருங்கள், பேசாத அண்ணனைப் பார்த்தும் விலகி ஓட முடியும்.

ஒற்றைப் பிள்ளைகள் தேட வேண்டியது மூன்று குணம் உள்ள ஒருவரை: உங்களைவிடச் சில வயதே மூத்தவர், உங்களைப் போன்ற வசதியிலிருந்து வந்தவர், கூச்சமில்லாமல் பேச முடிந்தவர். சித்தப்பா மகனாகவோ அத்தை மகளாகவோ இருக்கலாம், கல்லூரி சீனியராகவும் இருக்கலாம். போன செவ்வாய்க்கிழமை என்ன வேலை செய்தார்கள் என்று அவர்களிடமும் கேட்கலாம்.